சுருளி இறங்காத மரம்

சுருளி தன்னுடைய ஐம்பதாவது ஆண்டு விழாவுக்காக ஏனோக்புரத்துக்கு வந்து இறங்கியபோது அவளுக்கு எட்டு வயதுதான் ஆகியிருந்தது. அதை ஊரில் யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. பேருந்து நடத்துநருக்கு மட்டும் அரை டிக்கெட் கிழிப்பதா முழு டிக்கெட் கிழிப்பதா என்று சந்தேகம் வந்து, பேருந்தை நிறுத்தத்திலேயே போட்டுவிட்டு டீக்கடையில் இருந்தவர்களைக் கேட்டார். புத்தகத்தில் இருக்கிறவளுக்கு வயசு ஏறாது, ஆகவே அரை டிக்கெட்தான் என்று ஒரு கட்சியும், அம்பது வருஷமா நம்ம ஊர்ப் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறவளிடம் டிக்கெட் கேட்பதே அசிங்கம் என்று இன்னொரு கட்சியும் பேசிக்கொண்டிருக்க, சுருளி தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, புத்தக அட்டைப் படத்தில் இருக்கிற அதே சிவப்பு கவுனும் அதே ஒற்றைச் சுருட்டைச் சடையுமாக, வழியில் யாரையும் விசாரிக்காமல் நேராக ரூபி டைலர்ஸ் வாசலில் போய் நின்றாள்.

ரூபி தையல் மிஷினில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஐம்பத்தாறு வயது, மூக்கின் நுனியில் கண்ணாடி, வாயில் இரண்டு குண்டூசி. குண்டூசியை எடுக்காமலே கேட்டாள்.

“இங்க எதுக்குட்டி வந்த?”

“எனக்கு வேற யாருக்கா இருக்கா?” என்றாள் சுருளி.

‘அக்கா’ என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் ரூபிக்கு எரிந்துகொண்டு வந்தது. அந்த எரிச்சலுக்கும் ஐம்பது வயது.

சுருளியைப் படைத்தவர் ரூபியின் அப்பா ஆசீர் வாத்தியார். ரூபியின் அம்மா பிரசவத்திலேயே போய்விட்டதால் வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, புறவாசலில் நாவல் மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, ஆறு வயது ரூபியைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு அவர் கதை சொல்லுவார். எழுதி வைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஊர் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்து, முந்தின நாள் மத்தியானம் சொன்னதை அப்படியே வாயால் சொல்ல, அங்கே எழுத்துக் கோர்க்கிறவர் கேட்கக் கேட்கக் கோர்த்துக்கொண்டே போவார். அப்படித்தான் சுருளி நாவல் பழம் பறிக்க மரத்தில் ஏறினாள், ஆற்றைக் கடந்தாள், மேகத்தைக் கயிறு கட்டி இழுத்தாள், ராஜா வீட்டுப் பாயசத்துக்குப் பந்தியில் உட்கார்ந்தாள். எல்லாக் கதையும் திடுதிப்பென்று பாதியில் நிற்கும். ஏறினவள் ஏறிக்கொண்டே இருப்பாள், பாயசம் வருகிற நேரத்தில் கதை முடிந்துவிடும். பிள்ளைகளின் கற்பனைக்கு வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போகிற அபூர்வக் கலை இது என்று பிற்காலத்தில் பெரிய பெரிய ஆட்கள் எழுதினார்கள், ஆசீர் வாத்தியாரிடம் கேட்டால் அவர் சிரித்துக்கொண்டு மீசையைத் தடவுவார்.

ரூபிக்கு அந்தக் கலை பிடிக்கவில்லை. ஒருநாளும் அவள் ஒரு கதையை முழுதாகக் கேட்டதில்லை, வயிற்றில் கறிச்சோறும் மேலே மரநிழலுமாக இருந்தால் எந்தப் பிள்ளைதான் தூங்காது? கண் விழித்துப் பார்த்தால் உள் அறையில் பாயில் கிடப்பாள். எப்படி உள்ளே வந்தோம் என்று அவள் யோசித்ததே இல்லை, அவள் யோசித்ததெல்லாம் வேறு. எழுந்த வேகத்தில் ஓடிப்போய், “அப்புறம் சுருளிக்கு என்னாச்சுப்பா?” என்று கேட்டால், “அம்புட்டுதான் மக்கா” என்பார். அம்புட்டுதானா? தான் தூங்கின பிறகு அப்பா மிச்சக் கதையைச் சுருளியிடம் தனியாகச் சொல்லி முடிக்கிறார், இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள், தன்னிடம் மறைக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை மனசில் ஒன்று விழுந்தது, விழுந்தது வேர் விட்டது. ஒரு கிறிஸ்மஸுக்கு அவள் சிவப்பு கவுன் கேட்டு அழுதாள். அப்பா கடையில் பச்சைதான் இருந்தது என்று பச்சை வாங்கி வந்தார். அடுத்த மாதம் வந்த புத்தகத்தின் அட்டையில் சுருளி சிவப்பு கவுன் போட்டுக்கொண்டு நின்றாள். இதற்கு மேல் ஒரு பிள்ளைக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

அவளுக்கு வயது ஏறியது, சுருளிக்கு ஏறவில்லை. ரூபி தையல் கற்றாள், கல்யாணம் ஆனாள், மகனை வளர்த்துக் கப்பல் வேலைக்கு அனுப்பினாள், கணவனையும் அப்பாவையும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தாள். எங்கே போனாலும் ஜனங்கள் அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “சுருளி நல்லாருக்காளா?”

இப்போது அவளே வந்துவிட்டாள். பெத்த வீட்டுக்கு வருகிற மாதிரி, கடைக்குப் பின்னால் இருந்த ஆசீர் வாத்தியாரின் பழைய வீட்டுக்குள் போய், தகரப் பெட்டியை அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, பசிக்குது என்றாள்.

ஏனோக்புரம் அவளை ஏற்றுக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், அத்தனை வருஷமாக அவளுக்காக ஒரு இலையைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தது போல இருந்தது. தலைமை ஆசிரியை நாலாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டு, போன வருஷங்களுக்கெல்லாம் ஆஜர் போட முடியாதே என்று மட்டும் வருத்தப்பட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், அம்பது வருஷமா ஒரு தடுப்பூசி கூடப் போடலியா என்று வாயில் அடித்துக்கொண்டு, விட்டதையெல்லாம் சேர்த்துப் போட, சுருளிக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தது. போதகர், ஞானஸ்நானம் ஆன பிள்ளையா இல்லையா என்று ரூபியிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும், அதைச் செத்துப்போனவர்கிட்ட கேளுங்க என்றாள் ரூபி. எதற்கும் இருக்கட்டும் என்று அவர் ஒரு ஜெபத்தைப் பண்ணி, கிறிஸ்மஸ் நாடகத்தில் ஆட்டிடையன் வேஷத்தையும் அவளுக்கே கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பாக்கியம் மயினி தினமும் ஒரு கிண்ணம் எதையாவது மூடிக்கொண்டு வந்தாள். ரூபிக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது கூட அவள் அத்தனை கிண்ணம் கொண்டு வந்ததில்லை, ரூபி அதை மறக்கவும் இல்லை.

இதற்கு நடுவில்தான் புதுக்கதைகள் வர ஆரம்பித்தன. சென்னைப் பதிப்பகம் ஐம்பதாவது ஆண்டுக்காகப் பல எழுத்தாளர்களைப் பிடித்து ஆளுக்கொரு புதிய சுருளிக் கதை எழுதச் சொல்லியிருந்தது. அங்கே அவர்கள் எழுத எழுத இங்கே அது நடந்தது. கோயம்புத்தூரில் ஒருவர் சைக்கிள் கதை எழுதினார், மறுநாள் காலையில் வேப்பமரத்தில் ஒரு நீலச் சைக்கிள் சாய்ந்து நின்றது. பாண்டிச்சேரியில் ஒரு அம்மாள் பேசும் நாய் எழுதினாள், அந்த நாய் வந்து ரூபியின் வாசலில் படுத்துக்கொண்டு போகிற வருகிறவர்களை எல்லாம் பாண்டிச்சேரிப் பேச்சில் குசலம் விசாரித்தது. மதுரைக்காரர் ஒருவர் அவளை நிலாவுக்கே அனுப்பிவிட்டார். செவ்வாயும் புதனும் சுருளி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, தலைமை ஆசிரியை அதை மருத்துவ விடுப்பில் எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை அவள் உடம்பெல்லாம் சாம்பல் நிறத் தூசியோடு கொல்லையில் வந்து இறங்கினாள். பாக்கியம் மயினி அந்தத் தூசியைச் சீலை முந்தானையில் தட்டி எடுத்து, தன் வெண்கலப் பானையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “புளிய விட நல்லாக் கறை போவுதே, இன்னொருக்கா போனா ஒரு டப்பா கொண்டு வாட்டி” என்றாள்.

சுருளிக்கு வருகிற ஒவ்வொன்றையும் ரூபி மிஷினில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள், நாய், நிலா. நமக்கு ஒரு ரயில் பயணம் கூட யாரும் எழுதவில்லையே என்று நினைத்துக்கொண்டு மிதிப்பாள். மிதிக்கிற வேகத்தில் நூல் அறும்.

விழா நாளுக்குச் சுருளிக்குப் புது சிவப்பு கவுன் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஊரே கூடி வந்து ரூபியைக் கேட்டது. அளவெடுத்தாள். அந்தச் சின்னத் தோள்களைச் சுற்றி டேப்பைப் போட்டபோது, கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள், அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. கைக்குழியை ஒரு விரல் குறைத்து வெட்டலாமா என்று கத்தரியோடு யோசித்துவிட்டு, தன் கைத்தொழிலுக்குக் கெட்ட பேர் வரும் என்று ஒழுங்காகவே தைத்தாள். விழாவில் பந்தல், வளைவு, கேக், நாதஸ்வரத்துக்குப் பதில் சபை பேண்டு. மாவட்டத்தில் இருந்து வந்த அதிகாரி மேடையில் ஏறி, ஆசீர் வாத்தியாரின் மகளுக்கு இப்போது பொன்னாடை போர்த்தப்படும் என்றார். ரூபி புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு நாற்காலியில் இருந்து எழுந்தாள். அவர் பொன்னாடையைக் கொண்டுபோய்ச் சுருளிக்குப் போர்த்தினார். கூட்டம் கைதட்டிய தட்டில், பாதி எழுந்து நின்றவளை யாரும் கவனிக்கவில்லை. அவள் அப்படியே நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பதிப்பகத்தில் இருந்து நிவேதா என்ற பெண் பேசினாள். “மேடம், தொகுப்போட கடைசிக் கதை நீங்கதான் தரணும். எழுத வராதுன்னா பரவாயில்ல, போன்ல சொல்லி ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. சுருளிக்கு என்ன வேணும்னாலும் நடக்கலாம், உங்க இஷ்டம்.”

“என் இஷ்டமா?”

“உங்க இஷ்டம் மேடம்.”

ரூபி போனை வைத்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள். சுருளியைக் கொல்லவெல்லாம் ரூபிக்கு மனசு வரவில்லை, அவள் கோழி கூட அறுக்கமாட்டாள். ஆனால் சுருளிக்கு வயசாகட்டும். ஒரே கதையில் ஐம்பத்தாறு வயசாகட்டும். முடி நரைக்கட்டும், மாடிப்படி ஏறினால் மூட்டு வலிக்கட்டும், ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி தேடட்டும், இன்னொருத்தி நல்லாருக்காளா என்று ஊரார் அவளிடம் கேட்கட்டும். அப்புறம் எவன் பொன்னாடை போர்த்துகிறான் என்று பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கறிக்குழம்பு வைத்து, இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். நாயை வாசலில் கட்டிவிட்டு, ரூபி புறவாசலில் நாவல் மரத்தடியில் கட்டிலைப் போட்டு, தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்து ரெக்கார்டை அமுக்கிவிட்டு, “வாட்டி, கதை சொல்லுதேன்” என்றாள்.

சுருளி அந்தக் கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கையைக் கவுனில் துடைத்தாள். “எனக்கா?”

“பின்ன நாய்க்கா? வந்து படு.”

சுருளி கட்டிலின் ஓரத்தில், இடம் பிடித்துவிட்டோம் என்று யாராவது திட்டிவிடுவார்களோ என்பது போல ஒடுங்கிப் படுத்தாள். ரூபி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“ஒரு ஊர்ல சுருளி சுருளின்னு ஒரு பொம்பள இருந்தா. பிள்ள இல்ல, பொம்பள. அவளுக்கு வயசாவ ஆரம்பிச்சிட்டு.”

சொன்ன உடனே சுருளியின் நெற்றிக்கு மேலே ஒரு முடி வெளுத்தது. ரூபி அதைப் பார்த்தாள், தைக்கிறபோது தையல் சரியாக விழுந்தால் வருகிற திருப்தி வந்தது. மேலே சொல்லப் போனாள். சுருளி அந்த நரைமுடியைக் கவனிக்கவே இல்லை, அவள் மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“எக்கா, கதய முடிப்பியா?”

“முடிக்காம?”

“அப்பா முடிச்சதே இல்லல்லா. அதான் கேட்டேன்.”

“எனக்குத்தான் முடிக்கல. நான் தூங்குன பெறவு உங்கிட்ட முடிச்சிருப்பாவல்லா, ரெண்டு பேருமா.”

சுருளி திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் எட்டு வயசு இல்லை.

“எங்கிட்டயா? நீ கண்ண மூடுனதும் அவிய வாய மூடிருவாவ. ஒரு சொல்லு கூடச் சொல்லமாட்டாவ. நான் மரத்துல ஏறுதேன், கால் வைக்க அடுத்த கொப்பு இனிமேதான் வரணும், நீ தூங்கிட்ட. பாயசத்த இலைக்குப் பக்கத்துல கொண்டாந்துட்டான், நீ தூங்கிட்ட. ஆத்துல கழுத்து வரைக்கும் தண்ணி, நீ தூங்கிட்ட. திங்கக்கிழம அச்சுக்கூடத்துக்குப் போயி அதுவரைக்கும்தான் சொல்லுவாவ. நீ கேக்காத கதை எதுக்குன்னு சொல்லுவாவளாம். அம்பது வருசமா அந்தப் பாயசம் எனக்கு வந்து சேரலக்கா.”

ரூபி தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தாள்.

“நான் அந்தக் கொப்புல இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன்,” என்றாள் சுருளி. “என்ன அப்படியே விட்டுட்டு உன்னத் தூக்கிட்டுப் போவாவ. ஒரு தடவ கூடத் திரும்பி மரத்தப் பாத்ததில்ல. எனக்கு உம்மேல அப்படி ஒரு பொறாம. அவ சாவட்டும்னு கூட நெனச்சிருக்கேன். இப்ப இல்ல, அப்ப.”

ரூபிக்கு வந்தது சந்தோஷம்தான். நல்லவர்களுக்கு வருகிற சந்தோஷம் அல்ல அது. அடுத்த வீட்டுப் பிள்ளை அழுகிறபோது தன் கையில் மிட்டாய் இருக்கிற பிள்ளைக்கு வருமே, அது. அவர் என்னைத்தான் தூக்கினார், அவளை விட்டுவிட்டு என்னைத் தூக்கினார் என்று மனசுக்குள் ஒரு பாட்டு ஓடியது. அந்தப் பாட்டு முடிவதற்குள் இன்னொரு எரிச்சல் வந்தது. தூக்கியது தன்னை, தனக்கு அது தெரியாது. பார்த்தவள் இவள் ஒருத்திதான். தன் அப்பாவின் அத்தனை அன்பும் தான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்திருக்கிறது, அதை எல்லாம் இந்தச் சுருட்டைச் சடைக்காரி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

“எப்படித் தூக்குவாவ?” என்று கேட்டாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

“மொதல்ல கண்ணாடியக் கழத்திப் பையில வச்சிருவாவ, உன் மூஞ்சில இடிச்சிரும்னு. பெறவு ஒரு கைய உன் கழுத்துக்கடியில, ஒரு கைய முட்டுக்கடியில. நீ வாயத் தெறந்துக்கிட்டுத்தான் தூங்குவ, எச்சி வடியும், அதத் தன் தோள்ல தொடச்சுக்கிடுவாவ. புறவாசல் நிலை குட்டையால்லா இருக்கும், உன் தலை இடிக்காம இருக்க நல்லாக் குனிஞ்சு போவாவ. ஒரு நாளு உன்னக் காப்பாத்தப் போயி அவிய தலையில இடிச்சிக்கிட்டாவ. சத்தமே போடல.”

அப்பாவின் நெற்றியில் இருந்த சின்னத் தழும்பு ரூபிக்கு நினைவு வந்தது. சாகிறவரை அதற்கு அவர் காரணம் சொன்னதில்லை. ரூபி அழுதாள், மூக்கை உறிஞ்சி, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, ஆறு வயசுப் பிள்ளை போல அழுதாள்.

அழுகை ஓய்ந்ததும் ரூபி போனைப் பார்த்தாள். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடட்டும் என்று விட்டுவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்தாள்.

“ஒரு ஊர்ல சுருளி சுருளின்னு ஒரு பிள்ள நாவ மரத்துல ஏறி, எறங்க வழியில்லாம உச்சிக் கொப்புல உக்காந்திருந்தா. கீழ ஒரு வீடு. அந்த வீட்டுல ரூபின்னு பச்ச கவுன் போட்ட பிள்ள ஒருத்தி. சரியான பொறாமக்காரி. அவ ஒரு நாளு தூங்காம முழிச்சு மேல பாத்தா. பாத்துட்டு, ஏட்டி அங்கனயே இரு, நான் வந்து கூட்டிட்டு வாரேன்னு மரத்துல ஏறுனா. கால் வழுக்குது, எறும்பு கடிக்குது, ஏறுதா. ஏறிப் போயி, சுருளி கையப் பிடிச்சி, இந்தக் கொப்புல இந்தக் கால வை, அந்தக் கொப்புல அந்தக் கால வைன்னு சொல்லிக் குடுத்து, மொதல்ல சுருளியக் கீழ அனுப்புனா. கீழ ஒரு கிண்ணத்துல பாயசம் இருந்துச்சி. சூடு ஆறாத பாயசம். சுருளி அத எடுத்து, வாயில வச்சி…”

சுருளியின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. உதட்டின் ஓரத்தில் பாலும் வெல்லமுமாக ஒரு கோடு ஒட்டியிருந்தது. ரூபி குனிந்து பார்த்தாள். வாயைத் திறந்துகொண்டு சுருளி தூங்கிவிட்டிருந்தாள்.

ரூபி அந்த இடத்திலேயே கதையை நிறுத்தினாள். வேறு எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாது, ஆசீர் வாத்தியாரின் மகள் அவள். கண்ணாடியைக் கழற்றி ஜாக்கெட்டில் செருகினாள். ஒரு கையைக் கழுத்துக்கு அடியிலும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கினாள். மூட்டு இரண்டும் கத்தின. அந்த ஒற்றை நரைமுடி அவள் தாடையில் உரசியது, எச்சில் தோளில் வடிந்தது, தோளிலேயே துடைத்துக்கொண்டாள். புறவாசல் நிலைக்கு வந்ததும் நன்றாகக் குனிந்தாள்.

குனிந்தவளுக்குப் பிடரியில் ஏதோ உறுத்தியது. தெரிந்த உறுத்தல்தான், ஐம்பது வருஷமாக அவள் அடுத்தவர்கள் மேல் வைத்த கண்ணின் சூடு அது. திரும்பிப் பார்த்தாள்.

நாவல் மரத்தின் உச்சிக் கொப்பில், இறங்க வழியில்லாமல், பச்சை கவுன் போட்ட ஆறு வயசுப் பிள்ளை ஒருத்தி காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். ரூபியின் கைகளில் தூங்குகிறவளையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தில், சுண்டினால் தீப்பிடிக்கிற அளவுக்குப் பொறாமை இருந்தது.

“எரியாதட்டி,” என்றாள் ரூபி, தூங்குகிறவள் எழுந்துவிடாதபடி மெதுவாக. “இவளப் படுக்க வச்சிட்டு இந்தா வந்துருதேன். உன்னயும் தூக்கணும்லா.”